ஒரு விரல் தண்ணீர்

என் மாமனார் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் திறந்த கதவைத் தட்டுவார். அது அவர் பெற்ற மகனின் வீடு. கதவு விரியத் திறந்திருக்கும், நான் எதிரிலேயே நிற்பேன். அவர் நனைந்த குடையோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு தட்டு தட்டுவார். பிறகு, கயிறு கட்டிய டிரங்குப் பெட்டியைத் தோளிலிருந்து இறக்காமல் கேட்பார்.

“எந்த ரூம்மா?”

இருந்ததே இரண்டு அறை. உள்ளறையில் நானும் கணவரும் குழந்தையும் படுப்போம். முன்னறையில் சைக்கிள், தையல் மிஷின், அரிசி டின் எல்லாம் இருந்தன. “எல்லா ரூமும் உங்க ரூமுதான் மாமா, உள்ள வாங்க” என்று முதல் வருடம் சொன்னேன். அவர் நகரவில்லை. மாமியார் பின்னால் நனைந்துகொண்டு நின்றார். கடைசியில் நான் கையை நீட்டி, “முன்ரூம்” என்றேன். “சரிம்மா” என்று உள்ளே வந்தார். அடுத்த வருடத்திலிருந்து அவர் தட்டியதும் நானே “முன்ரூம்” என்று சொல்லிவிடுவேன். ஊர் வம்பு பேசும் என் வாய்க்கு அது நல்ல வேடிக்கையாக இருந்தது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. புதுச்சேரியில் உப்பளம் பகுதியில் ஒரு பழைய மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தோம். மாடியில் வீட்டுக்காரம்மா, பிரெஞ்சுக்காரர் காலத்தில் உத்தியோகம் பார்த்த ஒருவரின் விதவை. தெருவே அவரை மதாம் என்றுதான் சொல்லும். என் கணவருக்குப் பஞ்சாலையில் ஷிப்டு வேலை. நான் பக்கத்து ஆரம்பப் பள்ளியில் டீச்சர், பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். என் பெண் அப்போது பேசப் பழகிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி பிறந்தால் மாமனாரும் மாமியாரும் திருவண்ணாமலையில் இருக்கும் மூத்த மகன் வீட்டிலிருந்து எங்களிடம் வருவார்கள். பொங்கல் கழிந்து போவார்கள். புதுச்சேரியில் அந்த மாதங்களில் வானம் மூடியே கிடக்கும். உப்பு நீர்விடும், தீக்குச்சி பற்றாது, துவைத்த துணி மூன்று நாளானாலும் ஈர நாற்றம் அடிக்கும். “கோடையில வாங்களேன் மாமா, கடல் காத்து வாங்கலாம்” என்று ஒருமுறை சொன்னேன்.

“கோடையில எப்பிடிம்மா வர்றது? ஆபீசருங்க வருவாங்களே” என்றார்.

அவர் ஓய்வுபெற்று அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது.

திருவண்ணாமலைக்கு மேற்கே, காட்டோரத்தில், சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகள் தங்குவதற்காக வெள்ளைக்காரன் கட்டிய பங்களா ஒன்று உண்டு. அதில் முப்பது வருடம் வாட்ச்மேனாக இருந்தார். பெயர்தான் வாட்ச்மேன். சமைப்பது, படுக்கை விரிப்பது, ஷூ துடைப்பது எல்லாம் அவர்தான். மாமியார் சம்பளமில்லாத வேலையாள். மழைக்காலத்தில் பாதை சேறாகி ஜீப் வராது. அந்த மாதங்கள்தான் அவருக்கு லீவு. பங்களாவை விட்டு வந்த பிறகும் அவர் லீவு மாறவில்லை.

பங்களா அவரை விட்டதா என்பதுதான் சந்தேகம். மனிதர்களை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. படுக்கும் இடம்தான் பெயர். சொந்த மகன் “உள்ரூம் தம்பி.” நான் “உள்ரூம் அம்மா.” என் பெண் “ஜன்னலோரப் பாப்பா.” மதாம் “மேல்ரூம் அம்மா.” எல்லோரையும் நீங்க, வாங்க என்றுதான் பேசுவார், பாப்பாவையும்கூட. அவள் சிரித்துச் சிரித்து விழுவாள்.

மழைநாளில் வீட்டுக்குள் யார் எங்கே போனார்கள் என்று ஈரக்கால் காட்டிக்கொடுத்துவிடும். இவர் தடம் மட்டும் இருக்காது. வலதுகால் விரல்களில் ஒரு கந்தல் துணியை இடுக்கிக்கொண்டு நடப்பார். முன்னால் வைத்த காலின் ஈரத்தைப் பின்னால் வரும் கால் துடைத்துவிடும். மாமியார் காலிலும் ஒரு துணி. இருவரும் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லைக்குப் போய்வந்தால் தரை முன்பைவிடச் சுத்தமாக இருக்கும். படுத்து எழுந்த பாயில் கசங்கல் கிடையாது. சாப்பிட்ட தட்டு, பேச்சுச் சத்தம், பல் துலக்கிய இடம் எதுவும் கண்ணில் படாது. இப்படி ஒரு மாமனார் மாமியார் கிடைக்க என்ன தவம் செய்தாயோ என்று பள்ளியில் மற்ற டீச்சர்கள் பொறாமைப்பட்டார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மழை வலுத்து, பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டார்கள். என்னோடு பள்ளிக்கு வந்திருந்த பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தேன். கதவு சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனால் வீடு காலி. அடுப்பு துடைத்துக் கிடக்கிறது. கொடியில் ஒரு துணி இல்லை. பாய்களைக் காணோம். பல மாதமாக ஆள் புழங்காத வீட்டின் வாசனை வருகிறது.

“அத்தே!” என்று கத்தினேன்.

“இருக்கோம்மா” என்று முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

திறந்த கதவுக்கும் சுவருக்கும் நடுவில், சுவரில் முதுகை ஒட்டி, முழங்கால் மேல் கைகளை வைத்துக்கொண்டு இருவரும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏன் இப்பிடி இருட்டுல ஒக்காந்திருக்கீங்க?”

“நீங்க இல்லியேம்மா” என்றார் மாமனார். “ஆளுங்க இல்லாதப்போ ரூம் காலியா இருக்கணும்.”

நாங்கள் வேலைக்குப் போன பிறகு தினமும் அவர்கள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் எங்கள் வீட்டில் விட்டுக்கொடுக்காமல் செய்த வேலை ஒன்று உண்டு. ஆளுக்கொரு பித்தளைச் சொம்பு இருந்தது. பாப்பாவுக்கு ஒரு சின்னது, அவள் பிறந்தபோது என் அண்ணன் பெரிய மார்க்கெட்டில் வாங்கித் தந்தது, கழுத்தில் ஒரு நெளிவு. விளக்கு வைக்கும் நேரத்தில் மாமனார் சொம்புகளைக் கழுவி, குடத்துத் தண்ணீர் ரொப்பி, அவரவர் தலைமாட்டில் வைத்து டம்ளரால் மூடுவார். மகனுக்கு ராத்திரி ஷிப்டு என்றால் அந்தச் சொம்பிலிருந்த தண்ணீரைக் கொட்டி, துடைத்து, கவிழ்த்துவிடுவார்.

“அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டுமே மாமா” என்றேன்.

“ஆளு தங்காத எடத்துல தண்ணி வெக்கக் கூடாதும்மா. வேண்டாதது வந்து குடிக்கும்.”

“வேண்டாததுன்னா? பூனையா, எலியா?”

“வேண்டாதது” என்றார் மறுபடியும். “ஒரு தபா குடிச்சுதுன்னா தெனம் அங்கியே வரும். வேற எங்கியும் போவாது.”

பங்களாவில் பல்லியும் பூரானும் விழுந்த தண்ணீரை யாரோ பெரிய அதிகாரி குடித்து இவரைத் திட்டியிருப்பார், அதற்கு இப்படி ஒரு கதை கட்டிவிட்டார் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது வருடம் ஒரு சாயங்காலம். கணவர் காலை ஷிப்டு முடிந்து வீட்டில்தான் இருந்தார். அவர் சொம்பு கவிழ்ந்திருந்தது.

“இன்னா மாமா, உங்க புள்ளய வூட்ட விட்டுத் தொரத்திட்டீங்களா?”

மாமனார் சொம்பைக் குனிந்து பார்த்தார். “நானா கவுத்தேன்?” என்றார். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. சொம்பை நிமிர்த்தி ரொப்பப் போனார். அதற்குள் வாசலில் சைக்கிள் மணி. ஆலையில் தண்ணீர் புகுந்துவிட்டது, பஞ்சு மூட்டைகளைத் தூக்கி வைக்க ஆள் வேண்டும் என்று வந்து கூப்பிட்டார்கள். கணவர் மறுநாள்தான் வீடு திரும்பினார்.

அடுத்த வாரம் முன்னறையில் ஒரு பாய் அதிகமாக விரித்திருந்தது. அதன் தலைமாட்டில் எங்கள் பெரிய கூஜா, தளும்பத் தண்ணீர். யாருக்கு என்று கேட்டால் அவர் விழித்தார். சற்று நேரத்தில், ஆற்றில் வெள்ளம், கடலூர் பஸ் ஓடவில்லை என்று என் அண்ணன் சொட்டச் சொட்ட வந்து நின்றான். விரித்த பாயைப் பார்த்து, “நா வரப்போறது ஒனக்கு எப்பிடித் தெரியும்?” என்றான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று அவனிடம் சொன்னேன். கணக்கு டீச்சர் வேறென்ன சொல்வாள்?

மூன்றாவதுதான் மதாம். அவருக்கு முழங்கால் வலி, இறங்க மாட்டார். குழாய் கீழே. மாமனார் தினமும் அவருடைய பீங்கான் ஜாடியில் தண்ணீர் பிடித்து மாடிப்படியின் நான்காம் படியில் வைப்பார். மதாமின் வேலைக்காரி வந்து எடுத்துப் போவாள். மேலேயிருந்து “மெர்சி, முசியே!” என்று பிரெஞ்சில் நன்றி சொல்லும் குரல் வரும். இவர் ஒன்றும் புரியாமல் படியைப் பார்த்து ஒரு சலாம் வைப்பார். ஒரு சாயங்காலம் நான்காம் படியில் ஜாடி கவிழ்ந்திருந்ததை நான் பார்த்தேன். அதை நிமிர்த்த எனக்குக் கை வரவில்லை. பார்க்காததுபோல உள்ளே போய்விட்டேன். மறுநாள் காலை காரைக்காலிலிருந்து மதாமின் அக்காள் மகன் கார் கொண்டுவந்து, இந்த மழையில் தனியாக இருக்க வேண்டாம் என்று அவரை அழைத்துப் போனான். கார் நகரும்போது மதாம் கைக்குட்டையை ஆட்டினார். தை மாதம் சாவுச் செய்தி வந்தது.

அதன் பிறகு விளக்கு வைக்கும் நேரம் வந்தால் என் கண் தானாகச் சொம்புகளை எண்ணும். இன்னது என்று சொல்லத் தெரியாத ஒரு கலக்கம். மனிதர் மேல் எனக்குப் பிரியம் இருந்தது. ஆனால் அவர் கையைப் பார்த்தால் பயமாக இருந்தது.

குமுட்டி அடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து ஈரத்துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது மாமியாரிடம் கேட்டேன்.

“அவரு கை அவருக்கே தெரியாதும்மா” என்றார் மாமியார், துணியைத் திருப்பிப் போட்டபடி. “பங்களாவுல ஒரு ஆபீசரு. மூணு நாள் தங்கறதா வந்தாரு. ரெண்டாம் நாள் சாயங்காலமே இவரு கூஜாவக் கவுத்துட்டாரு. ஆபீசரு கோவத்துல தாம்தூம்னு குதிச்சாரு.”

“அப்புறம் இன்னா ஆச்சு?”

“ரூம் காலியாச்சு” என்றார் மாமியார்.

அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியமில்லை. “உங்களுக்குப் பயமா இல்லியா அத்தே?” என்று மட்டும் கேட்டேன்.

“பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தானே ஆவணும்?” என்று பொக்கை வாய் தெரியச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “எஞ்சொம்ப மட்டும் நானே கழுவிக்குவேன், நானே ரொப்பிக்குவேன். கல்யாணம் ஆன நாளா அவரத் தொட உட்டதில்ல.”

நான்காம் வருடம் பாப்பாவுக்கு நான்கு வயது. கார்த்திகையில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். ஐந்து நாளாக அடைமழை. பாப்பாவுக்குக் காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள், கண்ணைத் திறக்கவில்லை. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்து, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள், நாளைக்குள் இறங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்றார். கணவர் ஆலையில் மாட்டிக்கொண்டிருந்தார். பாப்பாவை மாமியாரிடம் விட்டுவிட்டு, மருந்துக் கடைக்கு ஓடினேன். மூன்று கடை ஏறி இறங்கி, மருந்து பாட்டிலை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு திரும்பியபோது விளக்கு வைத்திருந்தார்கள்.

உள்ளறையில் என் சொம்பு நிறைந்து, டம்ளரால் மூடியிருந்தது. ஜன்னலோரம் பாப்பாவின் சின்னச் சொம்பு கவிழ்ந்திருந்தது. அதன் முன்னால் மாமனார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய்ந்து பாப்பாவின் மூக்கில் கை வைத்தேன். மூச்சு சுட்டது.

“இன்னா காரியம் பண்ணீங்க?” என்று கத்தினேன். “எம்பொண்ணு இங்கதான் இருக்கறா! உசுரோட இருக்கறா!”

மாமனார் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நானா…” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

“நீங்கதான்! வேற யாரு? மதாம அனுப்பியாச்சு, இப்ப எங்கொழந்தையா? உங்க சொம்பக் கவுத்துகினு கெளம்புங்க. இந்த வூட்ல உங்களுக்கு ரூம் இல்ல!”

சமையல்கட்டிலிருந்து மாமியார் கொதிக்கும் வெந்நீர்ப் பாத்திரத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். மாமனார் கையை உயர்த்தி, பேசாதே என்று காட்டினார். பிறகு எழுந்து நின்று, வாசலில் அறை கேட்ட அதே குரலில் என்னிடம் சொன்னார்.

“சரிம்மா.”

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். நான் சின்னச் சொம்பைப் பிடுங்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். யார் வந்து கவிழ்க்கிறார்கள் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். விடியும் நேரத்தில் கண் அசந்திருக்க வேண்டும்.

காலையில் பாப்பாவின் நெற்றி வேர்த்துக் குளிர்ந்திருந்தது. “பசிக்குதும்மா” என்றாள். அவளை அணைத்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்த பிறகுதான் முழங்கால்களுக்கு நடுவில் சொம்பு இல்லை என்று தெரிந்தது. என் புடவையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

முன்னறைக்குப் போனேன். தெருவெல்லாம் தண்ணீர், சுவரெல்லாம் ஓதம், அந்தத் தரை மட்டும் உலர்ந்து பளிச்சென்று இருந்தது. பாய் சுருட்டிச் சுவரில் சாய்த்திருந்தது. டிரங்குப் பெட்டியைக் காணோம். இரண்டு பெரிய சொம்புகள் கவிழ்த்து வைத்திருந்தன.

கணவர் வந்து எல்லாவற்றையும் கேட்டார். நனைந்த சட்டையோடு வெகுநேரம் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை திருவண்ணாமலைக்குப் போய்த் தனியாகத் திரும்பினார்.

“வரமாட்டாராம். பாப்பாவையும் எப்பவும் அங்க கூட்டியாரக் கூடாதாம்.”

“என்னத் திட்டட்டும், ஏத்துக்கறேன். கொழந்த இன்னா பண்ணுச்சு? அந்தச் சொம்பையாவது வாங்கினு வந்தீங்களா?”

“கேட்டேன். குடுக்கல.”

பேத்திக்கு ஆகாத தாத்தா அவள் சொம்பை மட்டும் எதற்காக எடுத்துப் போனார் என்று எரிச்சல் பற்றிக்கொண்டது. வீம்பு என்னை விடவில்லை. எட்டு வருடம் கணவர் மட்டும் போய்வந்தார். ஒவ்வொரு ஐப்பசியிலும், வீடு முழுக்க எங்கள் ஈரக்கால் தடங்களாகக் கிடக்கும்போது, திறந்த கதவை யாரோ தட்டுவதாக எனக்குத் தோன்றும். எட்டிப் பார்ப்பேன். மழைதான் பெய்துகொண்டிருக்கும்.

பாப்பா ஏழாம் வகுப்பு படிக்கும்போது, பங்குனியில், மாமனார் போய்விட்டார் என்று ஆலைக்குப் போன் வந்தது. அவர் விதித்த தடையை மீற மனமில்லாமல் பாப்பாவை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு நானும் கணவரும் போனோம். அந்த ஊரில் அப்போது கிணறெல்லாம் வற்றிக் கிடந்தது. லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை கட்டி நின்றது. உடலை எடுத்து, எல்லோரும் குளித்து வந்த பிறகு மாமியார் என் கையைப் பிடித்து, அவர் படுத்திருந்த மூலைக்கு அழைத்துப் போனார்.

தலைமாட்டில் அந்தச் சின்னச் சொம்பு இருந்தது. கழுத்தில் அதே நெளிவு. நிமிர்ந்து, தளும்பத் தண்ணீரோடு இருந்தது. பக்கத்தில் அவர் அங்கே குடிக்கும் பெரிய சொம்பு கவிழ்ந்திருந்தது.

“நேத்து சாயங்காலம் அவரே கவுத்தாரு” என்றார் மாமியார். “ஏன்னு கேட்டேன். இன்னிக்குத் தாகம் இல்லன்னாரு. இதை மட்டும் ரொப்பி வெச்சாரு.”

நான் சின்னச் சொம்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“அன்னிக்கு அதக் கவுத்தது நாந்தாம்மா” என்றார் மாமியார்.

“நீங்களா?” என்றேன்.

“டாக்டரு கொதிச்ச தண்ணி குடுக்கச் சொன்னாரு இல்ல? பழைய தண்ணியக் கொட்டிக் கழுவி, வடியட்டும்னு நாந்தான் கவுத்து வெச்சேன். அடுப்பண்ட போயிட்டேன். நீ கத்தறதக் கேட்டு ஓடியாந்தேன். சொல்ல வாயெடுத்தேன், அவரு கையக் காட்டிட்டாரு. பஸ்ஸுல ஏறினதும் சொன்னேன், ஐயோ நாந்தானய்யான்னு. நம்பல. என் மனசு ஆறணும்னு நீங்க பொய் சொல்றீங்க, எங்கைய எனக்குத் தெரியாதான்னாரு. சாவற வரைக்கும் நம்பலம்மா.”

“அதனாலதான் பாப்பாவ…”

“அவரு இருக்கற வூட்ல அவ இருந்தா, மறுபடியும் அந்தக் கை கவுத்துடும்னு பயம். அவளப் பாக்கணும்னு எவ்ளோ ஆசை தெரியுமா? இவன் வந்துட்டுப் போனா, பாப்பா இன்னா ஒசரம், இன்னா படிக்கறான்னு எங்கிட்ட நூறு வாட்டி கேப்பாரு.”

“இந்தச் சொம்பு?”

மாமியார் வாசலைப் பார்த்துவிட்டு, வாயை என் காதருகே கொண்டுவந்தார்.

“தண்ணி கண்ட எடத்துக்குத்தான் அது தெனம் வரும், வேற எங்கியும் போவாதும்பாரே. அவ பேருச் சொம்பு, அவ குடிச்ச சொம்பு. எந்தலமாட்டுல வெச்சா எங்கிட்ட வரட்டும், குடிச்சிட்டுப் போவட்டும், பாப்பாவத் தேடிகினு போவ வேணாம்னாரு. எட்டு வருசம். குடிக்கத் தண்ணி இல்லாத நாள்லகூட இது காலியா இருந்ததில்ல. தெனம் காலையில பாப்பாரு. ஒரு விரல் கொறஞ்சிருக்கும். சிரிச்சிக்குவாரு.”

“இந்த ஊரு வெயிலு அத்தே” என்றேன்.

“வெயிலுதான்” என்றார் மாமியார் உடனே. பிறகு சொம்பை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் நீட்டினார். “எடுத்துகினு போயிடு. எனக்குத் தனியா இத வெச்சுக்கப் பயமா இருக்குது.”

அந்த வீட்டில் முப்பது பேர் இருந்தார்கள். அவர்கள் நடுவில், அதுவரை யாருக்காகவும் அழாத அழுகையை அந்த மனிதருக்காக அழுதேன். ரூம் இல்லை என்று நான் சொன்ன வீட்டின் குழந்தைக்கு அவர் எட்டு வருடம் காவல் இருந்திருக்கிறார். காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க அவர் இல்லை. அவர் படுத்த பாயில்கூட ஒரு கசங்கல் இல்லை.

பஸ்ஸில் சொம்பை மடியில் வைத்து டம்ளரால் மூடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். விழுப்புரத்தில் கண்டக்டர், “இன்னாம்மா, மலைத் தீர்த்தமா?” என்றார். ஆமாம் என்றேன். கணவர், கொடு, கொஞ்ச நேரம் நான் பிடிக்கிறேன் என்று இரண்டு முறை கேட்டார். நான் கொடுக்கவில்லை. புதுச்சேரியில் இறங்கும்வரை ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

அன்று சாயங்காலம் அந்தச் சொம்பை என் தலைமாட்டில் வைத்தேன். கணக்கு டீச்சர் செய்யும் வேலையா இது என்று கணவர் கேட்கவில்லை. பாப்பாவிடம் நாங்கள் சொல்லவும் இல்லை. அவள் வளர்ந்து, படிக்க மெட்ராஸுக்குப் போய், விடுதியில் தங்கினாள். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் கழுவி ரொப்புவேன். காலையில் டம்ளரைத் திறந்து பார்ப்பேன். ஒரு விரல் குறைந்திருக்கும். திருவண்ணாமலை வெயிலில் குறைந்தால் சரி. உப்பு நீர்விடும் ஐப்பசி மாதத்தில், தீக்குச்சி பற்றாத இந்த வீட்டில், மூடிய சொம்பில் எப்படிக் குறையும்? பித்தளை எங்கோ கசிகிறது என்றார் கணவர். அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். காலையில் தாள் மொறமொறவென்று இருந்தது. அதற்குப் பிறகு நான் சோதிப்பதை விட்டுவிட்டேன். குறைந்ததைப் பார்த்தால் எனக்கும் சிரிப்பு வரும்.

போன கார்த்திகையில் ஒருநாள் காலையில் திறந்தேன். தண்ணீர் வைத்தது வைத்தபடி, விளிம்பு தளும்ப நின்றது.

செருப்புப் போடாமல் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். விடுதியில் யாரோ எடுத்து, அவளைக் கூப்பிடப் போனார்கள். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் நான் வேண்டாத தெய்வம் இல்லை.

“இன்னாம்மா காலங்காத்தால?” என்று தூக்கக் குரலில் வந்தாள். “நா நல்லாத்தான் இருக்கறேன். லேசா தலவலி, அவ்ளோதான். ராத்திரி ஒரே தாகம், தூங்கவே இல்ல.”

அன்று சாயங்காலம் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினேன். விளிம்புவரை ரொப்பி என் தலைமாட்டில் வைத்து, இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தேன். டம்ளரை எடுத்துவிட்டேன். பிறகு குனிந்து மெல்லச் சொன்னேன்.

“இங்க வா. தண்ணி இங்கதான் இருக்குது.”

மறுநாள் காலையில் ஒரு விரல் குறைந்திருந்தது. நான் எழுந்து போய் நிம்மதியாகக் காபி போட்டேன்.